தோப்பு ஓடாது, தேங்காய் ஓடும்

“பொறு தாயி, சொத்து எங்கே ஓடிறப் போகுது?” ராமநாதபுரம் மாவட்டத்தில் இந்தப் பேச்சுக்கு 144 போட வேண்டும் என்று நான் புலம்புவது பழைய வாசகர்களுக்குப் பழகிப்போயிருக்கும். இந்த வாரம் உச்சிப்புளிப் பக்கத்துத் தென்னந்தோப்பு ஒன்றின் பொருட்டு மறுபடியும் காதில் விழுந்தது. அப்பா போய்ச் சேர்ந்து வருஷங்களாகின்றன. தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழில் எல்லாப் பிள்ளைகளின் பேரும் இருக்கிறது. பாகப்பிரிவினை மட்டும் “ஆடி கழியட்டும்”, “கொழுந்தியா கல்யாணம் முடியட்டும்” என்று தள்ளிக்கொண்டே போகிறது. கேட்கப் போன கடைசித் தங்கைக்குப் பெரியவர்கள் சொன்ன பதில்தான் மேலே இருப்பது.

தோப்பு ஓடாதுதான். தேங்காய் ஓடுகிறதே! ஒவ்வொரு வெட்டுக்கும் பணம் மூத்த அண்ணன் மடிக்குத்தான் போகிறது. முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் என்றால் தோப்புக்குப் பதில் சீமைக் கருவேலங்காடு. பங்கு பிரிக்காத புஞ்சையில் வளர்ந்து நிற்பதை ஒருத்தர் கரிமூட்டத்துக்கு விற்றுவிடுவார், மற்றவர்களுக்குப் புகை.

“கோர்ட்டுக்குப் போனால் முப்பது வருஷம் இழுப்பான்” என்றும் அங்கே ஒருவர் சொன்னார். அவருக்குச் சிவகங்கைக் கணக்கு தெரியாது. அது முப்பத்து நான்கு.

சிவகங்கை ஜமீன்தார் கௌரி வல்லப உடையணத் தேவர் 1829இல் ஆண் பிள்ளை இல்லாமல் இறந்தார். மனைவியரும் மகள்களும் இருந்தார்கள். ஜமீன் அவருடைய அண்ணன் வழியினரிடம் போனது. “பிரியாத குடும்பம், பொதுச் சொத்து, பெண்களுக்கு ஜீவனாம்சம்தான்” என்பது அவர்கள் வாதம். விதவைகளில் ஒருவரான அங்கமுத்து நாச்சியார் வழக்காடினார். முடிவு வருமுன் கண்ணை மூடினார். விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டவர் ஜமீன்தாரின் மகள் காத்தம நாச்சியார். வழக்கு கடல் கடந்து இலண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. 1863 நவம்பரில் தீர்ப்பு. குடும்பம் பிரியாமலே இருந்திருக்கட்டும். இந்த ஜமீன் வல்லபத் தேவருக்குக் கும்பினியார் தனியாகக் கொடுத்தது, அவருடைய சுயார்ஜிதம், அது அவர் வழியில் பெண்களுக்குத்தான் போகும் என்றார்கள். காத்தம நாச்சியார் ராணியானார். சட்டக் கல்லூரிகளில் இன்றும் அந்த வழக்கைப் படிக்கிறார்கள்.

எனக்கு அந்தத் தீர்ப்பைவிட நடுவில் போன வருஷங்கள்தான் உறுத்தல். அத்தனை காலமும் கிஸ்தி வசூலானது, கண்மாய் மடை திறந்தது, நெல் அளந்தார்கள். எவர் கையில் ஜமீன் இருந்ததோ அவருக்குத் தாமதம் ஒரு நஷ்டமுமில்லை. உச்சிப்புளி அண்ணனுக்கும் இல்லை.

ஆகவே தங்கச்சி, பங்கு எப்போது கிடைக்கும் என்பது இரண்டாவது கேள்வி. அதுவரை வருமானம் யார் கையில் என்பதுதான் முதலாவது. பாகப்பிரிவினை வழக்கோடு கணக்கும் கேட்கலாம். வழக்கு நடக்கும்போது விற்காமலிருக்க இடைக்காலத் தடை கேட்கலாம். மகசூல் பணத்தைக் கோர்ட்டில் கட்டச் சொல்லலாம். சொத்து வீணாகிறது என்று காட்ட முடிந்தால் ரிசீவர் போடச் சொல்லலாம். லேசில் போட மாட்டார்கள், கேட்காதவர்களுக்குப் போடவே மாட்டார்கள். அண்ணன் தன் பேருக்குப் பட்டா மாற்றிக்கொண்டாரா? போன மாதம் எழுதி வசவு வாங்கினேன், திரும்பவும் சொல்கிறேன்: பட்டா மட்டும் உரிமை ஆகிவிடாது. ஒரு பங்காளியின் அனுபவம் எல்லாப் பங்காளிகளுக்குமான அனுபவம்தான். ஆனால் “உனக்குப் பங்கே இல்லை, போ” என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் பன்னிரண்டு வருஷக் கெடு ஓடத் தொடங்கிவிடும். பொறுமைக்கு அந்த விலை உண்டு. வங்கியில் நாமினி என்று பேர் இருப்பவர் பணத்தை வாங்கிக்கொடுக்க வேண்டிய ஆள்தான், சொந்தக்காரர் அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. வழக்கில் முதல்நிலைத் தீர்ப்பு வந்ததும் இனிப்புக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிடுபவர்கள் உண்டு. இறுதித் தீர்ப்பாணைக்கு மனுப்போட்டு, கமிஷனர் வந்து அளந்து பிரித்தால்தான் நிலம் கைக்கு வரும்.

சிவகங்கை மட்டுமா? நம் ராமநாதபுரம் சமஸ்தானமே 1868இல் இலண்டனில்தான் பிழைத்தது. ராணி பர்வதவர்த்தினி நாச்சியார் எடுத்த சுவீகாரம் செல்லாது, வாரிசில்லாத சொத்து சர்க்காருக்கே என்று மதுரை கலெக்டர் நின்றார். (நமக்குத் தனி ஜில்லா 1910இல்தான்.) புருஷன் அனுமதி இல்லாவிட்டாலும் பங்காளிகள் சம்மதித்தால் தென்னாட்டு விதவை பிள்ளை எடுக்கலாம், ஏட்டிலுள்ள சாத்திரத்தைவிட நாட்டிலுள்ள வழக்கம் பெரிது என்று தீர்ப்பானது. பிள்ளையாக வந்த முத்துராமலிங்க சேதுபதியின் அண்ணன் பொன்னுசாமித் தேவர்தான் ஆறுமுக நாவலரின் பதிப்புகளுக்குப் பணம் கொடுத்த புண்ணியவான். அவரைப் பற்றித் தொடங்கினால் ஆசிரியர் கத்தரியோடு நிற்பார்.

காத்தம நாச்சியார் காலமானதும் என்ன நடந்தது? சிவகங்கைக்கு அடுத்த வாரிசு யார் என்று குடும்பத்துக்குள்ளேயே மறுபடி வழக்கு. அதுவும் கப்பலேறி, 1881இல் பிரிவி கவுன்சிலில்தான் முடிந்தது.