நூறு மீட்டர் கோடு: தடை பிரச்சாரத்துக்கா, அடையாளத்துக்கா?

தேர்தல் நாளில் வாக்குச்சாவடியைச் சுற்றி நூறு மீட்டர் தூரத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டிருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். அதற்குள் வாக்குக் கேட்பதோ, இன்னாருக்குப் போடாதீர்கள் என்று சொல்வதோ, தேர்தல் தொடர்பான சின்னங்களைக் காட்டுவதோ குற்றம் என்கிறது 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 130ஆவது பிரிவு. அபராதம் 250 ரூபாய் வரைதான். ஆனால், பிடியாணை இல்லாமலே போலீஸ் கைது செய்யலாம்.

கருத்துச் சுதந்திரம் அடிப்படை உரிமையாக இருக்கும் நாட்டில் இந்தத் தடை சரியா? இதே கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கும் போனது. டென்னசி மாநிலம் விதித்த நூறு அடித் தடை செல்லும் என்று 1992இல் தீர்ப்பானது. மிரட்டலின்றி வாக்களிக்கும் உரிமையும் பெரியது என்பதே அதற்குச் சொன்ன காரணம்.

ஆனால் 2018இல் அதே நீதிமன்றம் மின்னசோட்டா மாநிலத்தின் தடையை ரத்து செய்தது. வாக்குச்சாவடிக்குள் ‘அரசியல்’ உடையோ பேட்ஜோ கூடாது என்றது அந்த மாநிலச் சட்டம். எது அரசியல் என்பதை அது தெளிவாகச் சொல்லவில்லை. அதை முடிவு செய்யும் அதிகாரம் சாவடி அலுவலரின் மனப்போக்குக்கு விடப்பட்டிருந்தது. அங்கேதான் சிக்கல்.

நமக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. 2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலின்போது, மதுரை மாவட்டம் மேலூரில் ஹிஜாப் அணிந்து வாக்களிக்க வந்த சகோதரியை பாஜக முகவர் ஆட்சேபித்தார். மற்றக் கட்சிகளின் முகவர்கள் எதிர்த்தார்கள். ஆட்சேபித்தவர்தான் வெளியேற்றப்பட்டார்.

ஹிஜாப் யாருக்கும் வாக்குக் கேட்பதில்லை. கட்சித் துண்டு கேட்கிறது. இந்த வேறுபாடு தெளிவாக இருக்கும்வரை நூறு மீட்டர் கோடு நமக்குப் பாதுகாப்பு. அது மங்கினால், அதே கோடு நம் பெண்களை வாசலில் நிறுத்தும் கருவியாகிவிடும்.

எனவே கோட்டை நாமும் மதிக்க வேண்டும். சாவடிக்கு அருகில் பள்ளிவாசல் இருந்தால், அன்று அதன் ஒலிபெருக்கியில் வேட்பாளர் பெயர் ஒலிக்கக் கூடாது. வீட்டுப் பெண்களிடமும் சொல்லி வையுங்கள்: உடையைக் காட்டி யாராவது தடுத்தால் வாக்களிக்காமல் திரும்ப வேண்டாம். சாவடியின் தலைமை அலுவலரிடம் உடனே முறையிட வேண்டும். அடையாளம் சரிபார்க்க முகம் காட்டச் சொன்னால், பெண் அலுவலர் முன்னிலையில் காட்டுகிறேன் என்று கேட்கலாம்.

வாக்கு நம்மிடம் உள்ள அமானிதம். அதை வாசலிலேயே விட்டுவிட்டு வரக் கூடாது.