கடற்பஞ்சும் மாத்திரையும்

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் சானடோரியம். 1928-ல் டாக்டர் சவுரி முத்து அங்கே க்ஷயரோக ஆஸ்பத்திரி ஆரம்பித்தபோது நல்ல காற்று, வெயில், ஆகாரம், ஓய்வு இவைதான் வைத்தியம். அதே வருஷம் லண்டனில் பிளெமிங்கின் கண்ணாடித் தட்டில் பெனிசிலின் பூஞ்சணம் பூத்தது. (ஊறுகாய் ஜாடியில் பூக்கிறதே, அதற்கு உறவுதான்.) ஆனால் க்ஷயக் கிருமியிடம் அதன் ஜம்பம் சாயவில்லை. 1943-ல் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிடமிருந்து ஸ்ட்ரெப்டோமைஸின் கிடைத்த பிறகே அந்த நோய்க்கு மருந்து என்று ஒன்று வந்தது.

மண்ணில் கிடைப்பது கடலில் கிடைக்காதா? கிடைத்தது! 1945-ல் இத்தாலியின் ஸார்டினியா தீவில் ப்ரோட்ஸு என்ற பேராசிரியர், காக்லியாரி நகரத்துச் சாக்கடை கடலில் கலக்கும் இடத்தில் நீரை மொண்டு ஒரு பூஞ்சணத்தை வளர்த்தார். டைபாய்டு கிருமியையே அது அடக்கியது. செபலெக்ஸின், செபிக்ஸைம் என்று டாக்டர் எழுதிக் கொடுக்கிறாரே, எல்லாம் அந்த வம்சந்தான். பிறந்த இடத்தை நினைத்து முகம் சுளிக்க வேண்டாம்.

இப்போது விஞ்ஞானிகளின் கண் கடற்பஞ்சின் மேல் விழுந்திருக்கிறது. செடி போலத் தோன்றினாலும் அது ஒரு பிராணி. ஓடத் தெரியாது, கடிக்கப் பல் இல்லை. நாளெல்லாம் கடல் நீரை உறிஞ்சி வடிகட்டியே வயிறு வளர்க்கிறது. அந்த நீரில் வரும் கிருமிகளுக்கு நடுவே எப்படிப் பிழைக்கிறது? அதன் உடம்புக்குள் குடியிருக்கும் பூஞ்சணங்களும் பாக்டீரியாக்களும் வாடகைக்குப் பதிலாகக் காவல் காக்கின்றன என்று ஊகிக்கிறார்கள்.

நம் மன்னார் வளைகுடாவிலும் கடற்பஞ்சுகள் உண்டு. ஒரு துண்டை எடுத்து, கிருமி நீக்கிய கடல் நீரில் அலசி, அரைத்து, அகர் மேல் தடவி வைக்கிறார்கள். அகர் வேறொன்றுமில்லை, நாம் புட்டிங் செய்யும் சைனா கிராஸ்தான்! சில நாளில் பூஞ்சணம் பூக்கும். அதன் சாற்றை நோய்க்கிருமி படர்ந்த தட்டில் வைத்தால், சில சமயம் சுற்றிலும் கிருமியே இல்லாமல் ஒரு வட்டம் விழும்.

உடனே மருந்து கிடைத்துவிட்டதாக நினைத்துவிடாதீர்கள். கிருமியைக் கொல்லும் சரக்கு நம் ஈரலையும் கெடுக்கலாம். கடலை விட்டு வந்த பூஞ்சணம் எதையும் சுரக்காமல் மக்கர் பண்ணலாம். ப்ரோட்ஸுவின் பூஞ்சணம் ஆக்ஸ்போர்டு போய், அதிலிருந்து முதல் மருந்து விற்பனைக்கு வர 1964 ஆயிற்று. 19 வருஷம்!

கிருமிகள் அதுவரை சும்மா இருக்குமா? பழைய மருந்துகளுக்கு அவை பழகிக்கொண்டே வருகின்றன. 2012-ல் டாக்டர்கள் சென்னையில் கூடி இதைப் பற்றியே ஒரு பிரகடனம் வெளியிட்டார்கள். வழக்கமான க்ஷய மருந்துகளுக்கு அடங்காத நோயாளிகள் இன்று சானடோரியத்துக்கு வருகிறார்கள். மாத்திரையைப் பாதியில் நிறுத்துவது அதற்கு ஒரு காரணம்.

போன ஜுரத்துக்கு வாங்கி மிஞ்சிய மாத்திரை அட்டை ஒன்று உங்கள் வீட்டு ப்ரிட்ஜ் மேல் டப்பாவில் இருக்குமே, எடுத்துப் பாருங்கள். ஓரத்தில் சிவப்புக் கோடு ஓடினால், டாக்டர் சீட்டில்லாமல் சாப்பிடக் கூடாத மருந்து என்று அர்த்தம். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு இருமல் என்றதும் அதைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்.