காத்தை இறக்கிப் பார்த்தியா மக்கா?

போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு ஒரு தம்பி போன் பண்ணான். தூத்துக்குடியில செகண்ட் இயர் படிக்கிறவன். "அண்ணே, நாளைக்குக் காலையில ஷெட்டுக்கு வாங்க. தார் வண்டிக்கு 33 இன்ச் டயர் போடப்போறேன். மட்கார்டை மட்டும் கொஞ்சம் வெட்டணுமாம்"னான். எனக்குத் தூக்கமே போச்சு.

வண்டி அவனோடது இல்ல. கப்பல்ல வேலை பார்க்கிற அவங்க அண்ணனோடது. ஆர்சி புக் அண்ணன் பேர்ல, பேங்க் தவணை இன்னும் பாக்கி. 'ஸ்டார்ட் பண்ணி வெச்சுக்கோ'ன்னு சொல்லி சாவியைக் கொடுத்துட்டுப் போயிருக்கார். நம்மாளு முள்ளக்காட்டுல மாமாவோட உப்பளத்துக்குப் போற மணல் பாதையில வண்டியைச் சொருகிட்டான். உப்பளத்து ஆளுங்க நாலு பேர் தள்ளிவிட, கூட வந்த கிளாஸ் பொண்ணுங்க சிரிச்சிருக்காங்க. அவ்வளவுதான், பெரிய டயர் ஆசை வந்துடுச்சு!

காலையில போய் நிக்கிறேன். டிங்கரிங் அண்ணாச்சி ஏற்கெனவே சாக்பீஸால கோடு போட்டு வெச்சிருக்கார். அங்கேயே கணக்குப் போட்டோம். கம்பெனி டயர் 245/75 R16. குறுக்களவு சுமார் 774 மில்லிமீட்டர். இவன் பேசி வெச்சிருந்தது 285/75 R16. அது 834. வித்தியாசம் 60, அதுல பாதி 30. அதாவது வண்டி 3 சென்டிமீட்டர் உசரும், ஆனா டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல இருக்கிற இடம் மேல, முன்னால, பின்னால எல்லாப் பக்கமும் 3 சென்டிமீட்டர் குறையும். போதாக்குறைக்கு அகலம் வேற 4 சென்டிமீட்டர் கூடுது.

நேரா நிறுத்தி வெச்சுப் பார்த்தா எங்கேயும் தட்டாது. ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு, ஒரு சக்கரத்தைக் கல்லு மேல ஏத்தினாத்தான் வண்டவாளம் தெரியும். முன்னால பம்பர் மூலையிலயும், பின்னால கதவுக்கு முந்தி வர்ற மடிப்புலயும் உரசும். அந்த மடிப்பு ரெண்டு தகட்டை ஸ்பாட் வெல்டிங் போட்டுச் சேர்த்தது. வெட்டினா ஒட்டு விட்டுப்போகும். அதனால விவரமான டிங்கர் அதை வெட்டமாட்டார், சுத்தியலால தட்டி மடக்கிடுவார். உள்ளே வயர் ஓடுதான்னு பார்க்காம கட்டிங் வீலை வெச்சா அது தனிக் கதை. வீல்ல இருந்து பறக்குற பொறி பட்டாக் கண்ணாடியில புள்ளி புள்ளியா விழும். கழுவினாலும் போகாது.

இதையெல்லாம் விட எனக்குப் பயம் உப்புக்காத்துதான். கம்பெனியில முழு பாடியையும் பிரைமர்ல முக்கி எடுத்து பெயின்ட் அடிச்சிருப்பான். நாம வெட்டின விளிம்பு அம்மணமா நிக்கும். அரம் போட்டு வழிச்சு, துத்தநாகம் கலந்த பிரைமர் அடிச்சு, மேல பெயின்ட்டும் அடிக்கணும். நாளைக்குப் பார்க்கலாம்னு விட்டா, நம்ம ஊர்ல துரு உள்ளுக்குள்ள ஊர்ந்து போயிரும். உப்பளத்து கேட்டு எந்த லட்சணத்துல இருக்குன்னு பார்த்தவங்களுக்கு நான் சொல்லணுமா?

சட்டமும் சும்மா விடாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி ஆர்சி விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாது. கம்பெனி அளவுகளை மாத்தக்கூடாதுன்னு 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிடுச்சு. அதே வருஷத் திருத்தத்துல, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபா அபராதம், இல்லேன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும்கூடக் கிடைக்கலாம். யாருக்கு? வண்டி ஓனருக்கு. நடுக்கடல்ல இருக்கிற அண்ணனுக்கு! இன்னொண்ணு, மீட்டர் 60 காட்டும்போது வண்டி நிஜத்துல 64-க்கு மேல போயிட்டிருக்கும்.

"அப்போ மணல்ல எப்படிண்ணே போறது?"ன்னான் பாவமா.

"சொருகினப்போ டயர்ல எவ்வளவு காத்து இருந்துச்சு?"

"ரோட்டுல ஓட்டுற அதே முப்பதுதான்."

அண்ணாச்சி சிரிச்சுட்டார். "ஏல, இத மொதல்ல சொல்லியிருந்தா நான் சாக்பீஸே எடுத்திருக்க மாட்டேனே!"

சாயங்காலம் அதே பாதைக்குப் போனோம். நாலு டயரையும் 18-க்கு இறக்கினோம். காத்து குறைஞ்சா டயர் நீளவாக்குல பரவி மணல் மேல படுக்கும், தோண்டாது. அதுக்காக ரொம்ப இறக்கினா டயர் ரிம்மை விட்டுக் கழண்டுரும், திருப்பத்துல ஜாக்கிரதை. லோ கியர், ஃபோர் வீல், ஆக்ஸிலேட்டரை மிதிக்காம மெதுவா. உப்பளத்து வரப்பு வரைக்கும் ஒரு இடத்துலயும் நிக்கல. வேலையை விட்டுட்டு வேடிக்கை பார்க்க வந்த நாலு பேருக்கும் ஏமாற்றம்.

உடனே அவனுக்கு வீரம் வந்துடுச்சு. "அடுத்து குதிரைமொழி தேரிக்குப் போவோமாண்ணே?" அது காப்புக்காடு தம்பி, அனுமதியில்லாம செம்மணல்ல வண்டியை ஏத்தினா வனத்துறை விருந்து வைக்கும்னு அடக்கி வெச்சேன்.

திரும்பி ரோட்டுக்கு வந்தோம். இனிமே காத்து அடிச்சாத்தான் வேகமாப் போகலாம். "பம்பு எங்கடா?"ன்னேன்.

தலையைச் சொறிஞ்சான். பங்க்கு வர்ற வரைக்கும் இருபது கிலோமீட்டர் வேகத்துல ஊர்ந்தோம். உப்பு லோடு லாரி ஒண்ணு விடாம ஹாரன் அடிச்சு எங்களை முந்திட்டுப் போச்சு.