கல்யாணச் சாவும் கணக்கில் வராத பாட்டியும்

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி பாகலூர் ரோடு பக்கம் கொஞ்ச தூரம் நடந்தால் போதும். சுவரில் ஒன்றிரண்டு கண்ணீர் அஞ்சலி போஸ்டராவது கண்ணில் படும். பாட்டி போஸ்டர் என்றால் அதற்கென்று ஒரு ஃபார்முலா உண்டு. நடுவில் ஆதார் கார்டில் இருந்து எடுத்துப் பெரிதாக்கிய, மிரண்டு போய் விழிக்கிற முகம். மேலே "வயது 90". கீழே மகன்கள், மருமகன்கள், பேரன்கள் என்று வரிசை. சில பேருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் கம்பெனி பெயர் வேறு. பாட்டியைப் பற்றி? "லேட் இன்னாரின் மனைவி". அவ்வளவுதான்.

கொள்ளுப்பேரனைப் பார்த்துவிட்டுப் போனால் அது கல்யாணச் சாவு. மேளம் உண்டு, பட்டாசு உண்டு, பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிப்பார்கள். யாராவது அழுதால்கூட "நல்லா வாழ்ந்து முடிச்ச உசுரு, எதுக்கு அழுவுற?" என்று அதட்ட ஆள் இருக்கும். நிறைந்த வாழ்வைக் கொண்டாடுவதில் தப்பே இல்லை. ஆனால் எப்படி வாழ்ந்தார் என்று கேட்க வேண்டிய இடத்தில், எத்தனை வருஷம் வாழ்ந்தார் என்று மட்டும் எண்ணிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

அந்த எண்ணிக்கையும் சரியில்லை என்பதுதான் வேடிக்கை. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்ததே 1969ல். அதற்கு முன் பிறந்த கிராமத்துப் பெண்கள் பலருக்குக் கார்டில் இருக்கும் வயது, எழுத வந்தவர் முகத்தைப் பார்த்துப் போட்டது. (ஜனவரி 1ஆம் தேதி பிறந்த பாட்டிகள் எத்தனை பேர் என்று தெருவில் எண்ணிப் பாருங்கள்!)

சரி, தொண்ணூறு என்றே வைத்துக்கொண்டால், 1930களில் பிறந்தவர். ஊரை விட்டு நகராமலே மூன்று மாவட்டத்தில் குடியிருந்தவர். பிறந்தபோது சேலம், 1965ல் தர்மபுரி, 2004ல் கிருஷ்ணகிரி. 1956ல் மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தபோது ஓசூர் தமிழ்ப் பக்கம் நின்றது. பல வீட்டு அடுப்படிகளில் தெலுங்கும் கன்னடமும் அப்படியே தொடர்ந்தன. சந்தையில் தமிழ், மாமியாரிடம் தெலுங்கு, அத்திப்பள்ளியில் கட்டிக்கொடுத்த மகள் வீட்டுக்குப் போனால் கன்னடம். பள்ளிக்கூடம் பக்கமே போகாமல் மூன்று பாஷை பேசியவரை, கணக்கெடுக்க வந்தவர்கள் எழுத்தறிவில்லாதவர் என்று குறித்துக்கொண்டார்கள்.

1970களில் சிப்காட் வந்தது. 1980 வாக்கில் அசோக் லேலண்ட், டிவிஎஸ், அடுத்து டைட்டன். ஓசூர் வளர்ந்த கதையைச் சொல்கிறவர்கள் இந்தப் பெயர்களோடு நிறுத்திவிடுவார்கள். முதல் தலைமுறையாக ஷிப்டுக்குப் போன பையன் விடியற்காலை பஸ் பிடிக்க, நாலு மணிக்கே எழுந்து ராகிக் களி கிண்டியது யார்? களி கிண்டுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்... கொதிக்கிற பானையைக் கவைக்கோலால் அழுத்திப் பிடித்து, கட்டி விழாமல் துடுப்பால் கிண்ட வேண்டும். தோள்பட்டை கழன்றுவிடும். அதற்கு முன் ராகியை அடித்து, புடைத்து, திரிகையில் அரைத்தாக வேண்டும். மாவு மில் எல்லாம் பிற்பாடு வந்தது. மாடு கறந்து சொசைட்டிக்கு ஊற்றிய பால் காசில்தான் பல பேருடைய ஐடிஐ ஃபீஸ் போயிருக்கிறது.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு குட்வில் தெரியும். கண்ணுக்குத் தெரியாத சொத்துக்குக்கூட பேலன்ஸ் ஷீட்டில் ஒரு வரி உண்டு. பாட்டியின் உழைப்புக்கு அந்த ஒரு வரியும் இல்லை. மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு அதைச் செய்கிற பெண்கள் தினம் 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம் செலவிடுவதாக வந்தது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், கணவன் சொத்து வாங்கியதில் வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் சேர்ந்திருக்கிறது, அவருக்கும் சம பங்கு உண்டு என்றது. தொண்ணூறு வயதுக்காரருக்கு ரொம்ப லேட்டாக வந்த தீர்ப்பு.

அவருக்காக முன்பே ஒரு சட்டம் இருந்தது. அதே 1956ல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்த கணவனின் சொத்தில் பிள்ளைகளுக்குச் சமமாக மனைவிக்கும் ஒரு பங்கு உண்டு. நடப்பது என்ன? சிப்காட் ஓரத்து நிலத்துக்கு விலை ஏறியதும் பாட்டியின் கைரேகை திடீரென்று தேவைப்படுகிறது. காரில் ரிஜிஸ்டர் ஆபீசுக்குக் கூட்டிப் போய், விடுதலைப் பத்திரத்தில் கட்டைவிரலை அழுத்தி, டீ வாங்கிக் கொடுத்துத் திரும்பக் கூட்டி வருகிற வீடுகள் உண்டு. பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக் காட்டிய பேரன்கள் எத்தனை பேரோ!

பெரிய மனிதர் வீட்டிலும் இதே கதைதான். ஓசூர் பக்கத்தில் தொரப்பள்ளியில், 1878ல் ராஜாஜி பிறந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. நல்லது. அங்கே சுற்றிப் பார்க்க வருகிற பிள்ளைகளில் எத்தனை பேர் அவரைப் பெற்ற சிங்காரம்மாவின் பெயரைக் கேட்டிருப்பார்கள்?

காரியத்துக்குப் பத்திரிகை அடிக்கிறார்கள். அதில் பேரன்களின் கம்பெனிகளுக்கு நடுவே "நாற்பது வருஷம் சொசைட்டிக்குப் பால் ஊற்றியவர்" என்று ஒரு வரி சேர்த்தால் பிரஸ்காரர் கூடுதலாக ஒன்றும் கேட்கப் போவதில்லை. பாட்டி இன்னும் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற வீடு என்றால் வேலை இன்னும் சுலபம். செல்போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு, களை எடுக்கும்போது பாடிய பாட்டு என்ன, கல்யாணமாகி வந்தபோது ஓசூர் எப்படி இருந்தது, பிறந்து தங்காமல் போன பிள்ளைகள் எத்தனை என்று கேட்டால் போதும். இப்போதைக்குப் பல பேரன்களின் போனில் மிஞ்சியிருப்பது, "ஊட்டா ஆய்தா?" என்று கேட்கிற ஒரே ஒரு வாய்ஸ் மெசேஜ்தான்.