முன்பணச் சீட்டும் அரசியல் சட்டமும்

கோபாலபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டினால் கேரளத்தின் சித்தூர் தாலுகாவின் தென்னந்தோப்புகள், முதலமடை மாந்தோப்புகள். தெற்கே மலையேறினால் மூணாறு தேயிலை. மூன்றிலும் கூலிக்குப் போகிற தமிழர் ஏராளம். முன்பணம் வாங்கிச் சேர்ந்தவர் கூலி போதவில்லை என்று வாய் திறந்தால், "கையெழுத்துப் போட்டாயே, இப்போது என்ன பேச்சு?" என்பார்கள். அது சட்டத்தின் முன் நிற்காத பதில் என்பதே எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு.

அடிப்படை உரிமைகளில் பலவற்றை அரசிடம் மட்டுமே கேட்க முடியும் என்பது உண்மைதான். ஆனால் தீண்டாமையை ஒழித்த 17ஆம் பிரிவும், கட்டாய உழைப்பைத் தடுக்கும் 23ஆம் பிரிவும் தனியாரையும் கட்டுப்படுத்தும். டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 9 ரூபாய் 25 காசு; அதில் ஒரு ரூபாயை ஆள் பிடித்துக் கொடுத்தவர் கமிஷனாக எடுத்துக்கொண்டார். (நம் மலையில் அவருக்குப் பெயர் கங்காணி.) ஒரு ரூபாய்தானே என்று நீதிமன்றம் விடவில்லை. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவரை உழைக்க வைப்பது பசி. பசி வாங்கித் தந்த சம்மதம் கட்டாய உழைப்பே என்றது.

1986இல் பிரஜோநாத் கங்குலி வழக்கில், பேரம் பேச வலுவில்லாதவர் மீது திணித்த அநியாய நிபந்தனை ஒப்பந்தச் சட்டப்படியே செல்லாது என்று தீர்ப்பானது. அது அரசு நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கு. தனியாருக்கு எதிராகவும் பேச்சுரிமை, வாழ்வுரிமையைக் கோரலாம் என்று ஐவர் அமர்வின் பெரும்பான்மை 2023இல் சொன்னது. இடையில், 2005இல், பார்சிகளுக்கு மட்டுமே உறுப்புரிமை என்ற அகமதாபாத் வீட்டுவசதிச் சங்க விதியை அதே நீதிமன்றம் ஏற்றது. அந்தத் தீர்ப்பு தவறு என்றே கருதுகிறோம். சாதி கேட்டு வீடு மறுப்பவருக்கு அது தைரியம் கொடுக்கிறது.

தோட்டத்தில் இன்னொரு சிக்கல். தோட்ட நிர்வாகம் தரும் லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். வீடு போய்விடுமே என்று பிள்ளையைக் கொழுந்து பறிக்க அனுப்பும் குடும்பங்கள் உண்டு. இதை விரும்பிச் செய்த ஒப்பந்தம் என்று எப்படிச் சொல்வது?

வேலை ஒப்பந்தங்களைத் தமிழிலும் எழுதித் தர வேண்டும். ஓய்வு பெறுவோருக்கு வீட்டுமனை வேண்டும். கேரள அரசிடம் நாங்கள் கேட்பது இவை. தொழிலாளர்களுக்கு ஒரு வார்த்தை: 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி, கொத்தடிமைக் கடனைத் திருப்பிக் கேட்க யாருக்கும் உரிமையில்லை. முன்பணத்தைக் காட்டி உங்களைத் தோட்டத்தை விட்டு வெளியே விடாவிட்டால் மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுங்கள். சங்கம் கூட வரும்.