புள்ளிகள் யாரையும் பிடித்து வைக்கவில்லை

வீட்டுக் கணினிகளை இணைத்து ஆராய்ச்சி செய்யும் திட்டங்களிலிருந்து தன்னார்வலர்கள் விலகுவதற்கு வெகுமதி போதாததுதான் காரணம் என்கிறார் நண்பர். புள்ளிகளைக் கூட்டி, பதக்கம் கொடுத்து, கிரிப்டோ நாணயமும் தந்தால் நிலைத்துவிடுவார்களாம். ஆளைக் கழித்துவிட்டுக் கணினியை மட்டும் பார்க்கும் வாதம் இது. தவறானது, கேடும் விளைவிப்பது.

வேற்றுலகச் செய்தியைத் தேடும் செட்டி அட் ஹோம் திட்டம் பெர்க்லியில் 1999 மே மாதம் தொடங்கியது. அரெசிபோ வானொலித் தொலைநோக்கியின் பதிவுகளைத் துண்டு துண்டாக்கி, சும்மா கிடக்கும் கணினிகளில் அலசவைத்தார்கள். 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். 2020 மார்ச்சில் துண்டுகள் அனுப்புவது நிற்கும்வரை சம்பளமும் இல்லை, வேற்றுலகச் செய்தியும் வரவில்லை. ஆனாலும் ஏறத்தாழ 21 ஆண்டுகள் ஆட்கள் இருந்தார்கள். நண்பரின் கணக்கில் இவர்களுக்கு இடமே இல்லை.

அங்கும் புள்ளிப் பட்டியல் இருந்தது. அதில் முந்துவதற்காகச் சிலர் மென்பொருளைத் திருத்தி, செய்யாத கணக்கைச் செய்ததாக அனுப்பினார்கள். ஒரே துண்டைப் பல கணினிகளுக்குக் கொடுத்து விடைகளை ஒப்பிட வேண்டியிருந்தது. பழுதான கணினிகளுக்காகவும் அந்தச் சோதனை தேவைதான். ஆனால் வேண்டுமென்றே அனுப்பிய பொய் விடை புள்ளி ஆசையில் பிறந்தது. வெறும் புள்ளிக்கே பொய் சொன்னவர்கள் பணத்துக்கு என்ன செய்வார்கள் என்று நண்பர் யோசித்தாரா?

அவர் பெரிதாக நம்பும் சான்று ஃபோல்டிங் அட் ஹோம். 2020 தொடக்கத்தில், கொரோனா வைரஸின் புரதங்களை ஆராயப்போகிறோம் என்று அத்திட்டத்தினர் அறிவித்ததும் சில வாரங்களில் லட்சக்கணக்கானோர் குவிந்தார்கள். வேலைத் துண்டுகள் தீர்ந்து கணினிகள் காத்துக் கிடந்தன. பரபரப்பு தணிந்ததும் பலர் போய்விட்டார்கள். வெகுமதி இல்லாததால் போனார்கள் என்கிறார். புள்ளிகள் அவர்கள் வருவதற்கு முன்பும் இருந்தன, வந்தபோதும் இருந்தன, போனபோதும் இருந்தன. எப்போதும் மாறாமல் இருந்த ஒன்றா அவர்களை வரவழைத்தது? அதையே கூட்டிக்கொடுத்தால் தங்குவார்கள் என்பதற்கு என்ன ஆதாரம்?

கணினிதானே உழைக்கிறது, ஆளுக்கு என்ன நஷ்டம் என்று கேட்பது இன்னும் மோசம். மின்கட்டணம் கட்டுபவர் அந்த ஆள். இரவெல்லாம் விசிறி இரைச்சலைக் கேட்பவரும் அவரே. அவரிடம் விளைவைச் சொல்ல யாரும் மெனக்கெடாவிட்டால் ஏன் இருக்க வேண்டும்?

ஆளை மதித்த இடங்களில் நடந்ததைப் பாருங்கள். ரொசெட்டா அட் ஹோமின் திரையில் புரதம் மடிவதைப் பார்த்துக்கொண்டிருந்த தன்னார்வலர்கள், இதைவிட நன்றாக மடிக்க எங்களால் முடியும் என்று எழுதினார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினர் காது கொடுத்தார்கள். 2008இல் ஃபோல்ட்இட் விளையாட்டு பிறந்தது. பத்தாண்டுக்கும் மேலாக விஞ்ஞானிகளுக்குப் பிடிபடாத ஒரு குரங்கு வைரஸ் நொதியின் வடிவத்தை அதன் ஆட்டக்காரர்கள் மூன்று வாரத்தில் தந்தார்கள். 2011இல் வந்த ஆய்வுக் கட்டுரையில் ஆட்டக்காரர் குழுக்களும் ஆசிரியர்களாக இடம்பெற்றன. ஐன்ஸ்டைன் அட் ஹோம் 2010இல் புதிய பல்சார் விண்மீனை அறிவித்தபோது, எந்தத் தன்னார்வலர்களின் கணினிகளில் அது சிக்கியதோ அவர்களைப் பெயர் சொல்லிப் பாராட்டியது.

இத்திட்டங்களை நடத்துவோருக்கு என் வேண்டுகோள்: நண்பரின் யோசனையை ஏற்காதீர்கள். நாணயத்துக்கு ஒதுக்கும் பணத்தில், தன்னார்வலர்களுக்கு எழுதுவதற்கென்றே ஒருவரை நியமியுங்கள். முடிந்த கணக்குகளால் என்ன தெரிந்தது என்று மாதந்தோறும் அவர் எழுதட்டும். ஒன்றும் தெரியவில்லை என்றால் அதையும் எழுதட்டும்.