டியூபா பொதி சுமக்கும் கழுதை அல்ல

பதிவு கொஞ்சம் நீளம். நாலு நாளாக மனதை உறுத்துகிறது, சொல்லியே ஆக வேண்டும்.

என் பழைய மாணவன் ஒருவனின் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். பள்ளி பேண்டில் இ-பிளாட் பேஸ், அதாவது டியூபா வாசிக்கிறாள். ஆண்டு விழாவில் ஒரு சோலோ வாசிக்கட்டுமா என்று கேட்டிருக்கிறாள். "அது பின்னாடி நின்னு பூம் பூம்னு ஊதுற வாத்தியம்மா, சோலோ எல்லாம் டிரம்பெட்டுக்குத்தான்" என்று பதில் வந்ததாம். குடும்பக் குழுவில் இதைச் சொன்னால் என் மைத்துனரே, "யானையை டான்ஸ் ஆடச் சொல்றீங்களா அத்தான்?" என்று கேட்டுச் சிரிக்கிறார்.

யானை ஆடும் ஐயா. ஆடியும் இருக்கிறது. 1954-இல் வான் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேய இசையமைப்பாளர், 81 வயதில், டியூபாவை முன்னால் நிறுத்தி ஒரு கன்செர்ட்டோ தந்தார். லண்டன் சிம்பனி ஆர்கெஸ்ட்ராவுடன் அதை முதலில் வாசித்தவர் பிலிப் கேட்லினெட். நம் ஊர்ப் பக்கமும் இருக்கிறதே இரட்சணிய சேனை, அதன் பேண்டுகளில் வாசித்தவர் அவர். 1976-இல் எட்வர்ட் கிரெக்சன், பிராஸ் பேண்டையே பக்கவாத்தியமாக வைத்து இன்னொரு கன்செர்ட்டோ எழுதினார்.

"அதெல்லாம் பெரிய வித்வான்களுக்கு, பிள்ளைகளுக்கு ஏது பாட்டு?" என்பீர்கள். தேடினால் கிடைக்கும். பாரிஸில் கார்னெட் ஆசிரியராக இருந்த ஆர்பன் 1889-இலேயே காலமானவர். 'வெனிஸ் திருவிழா' மெட்டை வைத்து அவர் கார்னெட்டுக்கு எழுதிய வேரியேஷன்களை உலகமெங்கும் டியூபாக்காரர்கள் வாசிக்கிறார்கள். அதைத்தான் எடுத்தேன்.

ஆனால் எடுத்தால் மட்டும் போதாது, அளவெடுத்துத் தைக்க வேண்டும். டிரெபிள் கிளெஃப் படிக்கும் பி-பிளாட் டியூபாக்காரர் கார்னெட் தாளை அப்படியே வாசிக்கலாம். அதே விரல்கள், சத்தம் மட்டும் இரண்டு ஸ்தாயி கீழே. இவளுடையதோ இ-பிளாட். கார்னெட் தாளில் ஸி என்றிருந்தால் இவளுக்கு அதன் கீழுள்ள ஜி என்று எழுத வேண்டும். மிகவும் கீழே இறங்கும் இடங்களை ஒரு ஸ்தாயி மேலே தூக்கினேன்.

அடுத்தது மூச்சு. கார்னெட்டில் ஒரே மூச்சில் போகிற வரிக்கு டியூபாவில் இரண்டு மூன்று மூச்சு வேண்டும். எந்த ஸ்வரத்தை விட்டால் மெட்டு கெடாது என்று பார்த்து, அங்கே மூச்சுக்கு இடம் வைத்தேன். எல்லா வேரியேஷனும் வேண்டாம், இரண்டு போதும். வேகம் மட்டுமே வித்தை என்றால் தையல் மிஷினும் வித்வான்தான். ஒவ்வொரு ஸ்வரமும் தெளிவாக விழுவதுதான் வித்தை.

பக்கவாத்தியத்தில்தான் எல்லாரும் தவறுகிறார்கள். டிராம்போனும் யூஃபோனியமும் டியூபாவுக்குப் பக்கத்து ஸ்தாயியில் ஒலிப்பவை. அவை முழங்கினால் சோலோ புதைந்து போகும். அவற்றை அடக்கி, கிளாரினெட்டுகளை மேலே மெல்லிய ஸ்வரங்களாக வைத்தேன். பேஸ் வரியை ஒரே ஒரு யூஃபோனியம் மெதுவாகப் பிடித்தால் போதும். டியூபாவின் வாய் மேலே பார்த்திருப்பதால் திறந்த மைதானத்தில் சத்தம் ஆகாசத்துக்குப் போய்விடும். கூரை உள்ள அரங்கில் வாசிக்க வையுங்கள்.

இவ்வளவு வக்காலத்து வாங்குகிற நான் யோக்கியனா? இல்லை. முப்பத்தொரு வருடம் பேண்டு நடத்தினேன். டிரம்பெட், கிளாரினெட் எல்லாம் கொடுத்த பிறகு மிஞ்சிய பையன் கையில்தான் பேஸைத் திணிப்பேன். அவர்களில் ஒருவன் ஒருநாள், "சார், எனக்கும் ஒரு பாட்டு எழுதித் தாங்க சார்" என்றான். "டேய், மாட்டு வண்டி ரேஸுக்குப் போகுமா?" என்றேன். பேண்டு அறையே சிரித்தது. அரைப் பரீட்சை முடிந்ததும் அவன் பேண்டை விட்டு நின்றுவிட்டான். வாத்தியத்தைத் துடைத்து உறையில் வைத்துவிட்டுப் போனது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அன்று அவன் பக்கத்தில் நின்று சிரித்தவர்களில் ஒருவர்தான் இன்று அந்தப் பெண்ணின் பேண்டு மாஸ்டர். தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். அவளிடம் நீ சொன்னது என் வாயிலிருந்து நீ கற்ற பாடம். தப்பான பாடம். வாத்தியார் இப்போது திருத்திக்கொள்கிறேன், நீயும் திருத்திக்கொள்.

பேண்டு முழுவதற்கும் பார்ட் எழுதி முடித்துவிட்டேன். மொத்தம் ஐந்து நிமிடம். நாளைக்கே கொண்டு வந்து தருகிறேன். அவளை முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வை. மற்ற பேண்டு மாஸ்டர்களும் உங்கள் பின்வரிசையை ஒரு தடவை திரும்பிப் பாருங்கள்.

பாட்டு எழுதித் தரச் சொல்லிக் கேட்ட அந்தப் பையன் எங்கிருந்தாலும் இதைப் படித்தால், சாரை மன்னித்துவிடப்பா.

அன்புடன்,
உங்கள் பேண்டு சார்